பாட்டியின் பட்டில் கத்திரி வைக்கும் முன்

மாசத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் தெருவில் அந்த வண்டி வரும். முன்னால் கட்டிய சின்ன ஒலிபெருக்கியில், "பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை, பட்டு வேட்டி எடுக்கறோம்" என்று பதிவுசெய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரருக்குப் பட்டு வேண்டாம். சரிகையில் உள்ள வெள்ளிதான் வேண்டும். புடவையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். நான் திருபுவனத்தில் நெசவு வீட்டில் பிறந்தவள். அப்பா குழித்தறியில் உட்கார்ந்தால் ஒரு புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், வேலைப்பாடு அதிகமென்றால் இன்னும் கூட. அதனால் அந்தக் குரல் கேட்டாலே வயிற்றில் ஏதோ செய்யும். ஆனால் கொடுக்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. கட்டவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிற புடவையை அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

கும்பகோணத்தில் 28 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு வெட்டு மேஜை, மூன்று மெஷின், ஒரு ஓவர்லாக். கடந்த ஏழெட்டு வருஷமாக வருகிற வேலையில் பாதி, பழைய பட்டை மாற்றித் தைப்பதுதான். பெண்கள் ஒரு கையில் அம்மாவின் புடவையும் மறு கையில் போனுமாக வருவார்கள். போனில் ஒரு படம். முன்பெல்லாம் சினிமா நடிகையின் படமாக இருக்கும். இப்போது இவர்கள் புடவையையே போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்து, "இதை கவுனாக்கிக் காட்டு" என்று கேட்டு வாங்கிய படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் கரை இரண்டு இடத்தில் இருக்க வேண்டியது ஐந்து இடத்தில் இருக்கும். முந்தானை வளைந்து தோளைச் சுற்றும். சரிகை நெய்த துணி அப்படி வளையாது, அட்டை மாதிரி நிற்கும். ஏஐக்குத் துணியைத் தொட்டுப் பார்க்க முடியாதே, பாவம்.

அதனால் கடையில் நான் செய்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் மெஷின் இருந்தால் நீங்களே செய்யலாம். இல்லையென்றால் உங்கள் தையல்காரரிடம் உட்கார்ந்து பேசும்போது உதவும்.

வெட்டத்தான் வேண்டுமா?

வருகிற புடவைகளில் பத்துக்கு மூன்றையாவது நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கால் பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் பழைய ஃபால்ஸைப் பிரித்துவிட்டு, அகலமான புது ஃபால்ஸ் வைத்தால் முடிந்தது. இடுப்பில் செருகுகிற முனை நைந்திருந்தால் அந்த ஒரு முழத்தை வெட்டிவிட்டு ஓரம் அடித்துக்கொள்ளலாம். கரையும் உடலும் சேர்கிற கோர்வை மட்டும் விட்டுப்போயிருந்தால் கையால் பொடித் தையல் போட்டுச் சேர்த்துவிடலாம். இதற்கெல்லாம் கத்திரி எடுக்கக் கூடாது.

அக்ரகாரத்து வீடுகளிலிருந்து வருகிற ஒன்பது கெஜப் புடவைக்கு வேறு வழி இருக்கிறது. மடிசார் கட்டுகிற வழக்கம் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று சுருங்கிவிட்டதால் நிறையப் புடவை சும்மா கிடக்கிறது. ஒன்பது கெஜம் என்பது ஏறக்குறைய 8.2 மீட்டர். ஆறு கெஜப் புடவைக்கு 5.5 மீட்டர் போதும். முந்தானை இருக்கிற பக்கத்திலிருந்து 5.5 மீட்டரை அளந்து வெட்டினால் மகள் கட்டிக்கொள்ள முழுப் புடவை ஒன்று. மீதி 2.7 மீட்டரில் பேத்திக்குப் பாவாடையும் சட்டையும். ஒரே ஒரு வெட்டு. போன மார்கழியில் ஒரு மாமிக்கு இப்படிச் செய்து கொடுத்தேன். பொங்கலுக்கு அம்மாவும் பெண்ணும் ஒரே புடவையில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தார்கள்.

இது என்ன துணி?

அம்மா சொன்னார், பாட்டி சொன்னார் என்பதெல்லாம் சரி. "அசல் பட்டு" என்று கொண்டுவந்த புடவையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் அது சுருங்கி ஒட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. எனவே நூலிடமே கேட்டுவிடுங்கள்.

புடவையின் வெட்டு முனையிலிருந்து நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் இரண்டு, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் இரண்டு, தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துச் சோதிக்காதீர்கள். பாவில் பட்டு போட்டு ஊடையில் வேறு நூல் ஓட்டியிருப்பது சர்வ சாதாரணம். ஒரு எவர்சில்வர் தட்டின் மேல், இடுக்கியால் பிடித்து, ஒவ்வொன்றாகத் தீக்குச்சியில் காட்டுங்கள். பட்டு தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்தால் அணைந்துவிடும், முடி பொசுங்குகிற நாற்றம் வரும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் கறுப்புப் பொடியாகும். பருத்தியும் ரேயானும் காகிதம் போலச் சட்டென்று எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியான மணியாக நிற்கும். நசுக்க முடியாது.

மயிலாடுதுறைப் பக்கத்துக் கூறைப்புடவையில் ஒரு நூல் முடி போலவும் இன்னொன்று காகிதம் போலவும் எரிந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கூறைநாட்டுப் புடவையே பட்டும் பருத்தியும் கலந்து நெய்ததுதான்.

அடுத்து சரிகை. ஒரு இழையை உருவி, நகத்தால் நீவி, மேலே சுற்றியிருக்கிற தகட்டைப் பிரியுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் வெள்ளிச் சரிகை, அதாவது பட்டு நூலில் வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாம் பூசியது. சுரண்டினால் செம்பு நிறம் வந்தால் செம்பில் வெள்ளி முலாம் பூசிய நடுத்தரச் சரிகை. உள்ளே வெள்ளையாகப் பாலியஸ்டர் நூல் இருந்தால் அது வெறும் மினுமினுப்பு. சந்தேகமாக இருந்தால், நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்க வைத்திருக்கிற எக்ஸ்ரே மெஷின் மாதிரியானதிலேயே சரிகையையும் பார்க்கலாம். நூலைப் பிய்க்கவோ உருக்கவோ வேண்டியதில்லை, வெள்ளி எத்தனை சதவீதம், செம்பு எத்தனை என்று திரையிலேயே வந்துவிடும். வண்டிக்காரரிடம் விலை பேசப் போகிறவர்களாவது அதற்கு முன் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், பின்னால் வருகிற இஸ்திரிச் சூடு, தையல், துவைப்பு மூன்றும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

இருட்டில், டார்ச்சோடு

இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஒருமுறை தாண்டிப் போய் நான் பட்டிருக்கிறேன்.

2016 மகாமகம் முடிந்த சமயம். ஒரு வளைகாப்புக்கு, மாமியாரின் அரக்கு நிறப் புடவையைப் பாவாடையாக்கித் தரச் சொன்னார்கள். நாற்பது வருஷப் புடவை. மேலோட்டமாகப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது. ஒரு கிழிசல் இல்லை. தைத்துக் கொடுத்துவிட்டேன். வளையல் அடுக்குவதற்காக அந்தப் பெண் மணையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, குறுக்காக, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துகொண்டது. நானும் அந்த விசேஷத்துக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து புடவையின் மிச்சத்தை விரித்துப் பார்த்தபோது புரிந்தது. நாம் புடவையை முதலில் கரையோடு கரை சேர்த்து நீளவாக்கில் இரண்டாக மடிப்போம். நாற்பது வருஷம் அதே கோட்டில் மடிந்து கிடந்ததில், அந்த நடுக்கோட்டில் ஊடை நூலெல்லாம் உள்ளுக்குள் ஒடிந்திருந்தது. புடவையாகக் கட்டினால் அது தெரியாது. பாவாடை தைக்கும்போது துணியைப் பக்கவாட்டில் திருப்புகிறோம், கரை கீழே வர வேண்டுமே. அப்போது முழு எடையும் ஊடை நூலில்தான் தொங்கும். ஒடிந்த கோடு சரியாக முழங்கால் பக்கம் வந்து நிற்கும். இத்துப்போன பட்டு கிழியாமல் என்ன செய்யும்?

இப்போது நான் செய்வது இதுதான். ராத்திரி கடையை அடைத்த பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிடுவேன். என் உதவிப் பெண் துணிக்கு அடியில் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்த்துவாள், நான் மேலிருந்து பார்ப்பேன். நல்ல பட்டு ஒரே சீராக ஒளிரும். ஒடிந்த இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் பொத்துக்கொண்டு வரும். நைந்த இடம் கொசுவலை போலத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் ஓரமாக ஒரு வண்ண நூல் முடிச்சுப் போட்டு அடையாளம் வைப்பேன். சாக்பீஸ் வேண்டாம், சில பட்டில் போகாது.

பிறகு இழுத்துப் பார்க்கிற சோதனை. சந்தேகமான இடத்தின் இரு பக்கமும் இரண்டு கட்டைவிரலை வைத்து மெல்ல அகற்றுங்கள். நல்ல பட்டு எதிர்க்கும். இத்துப்போனது "சர்" என்று ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அந்தப் பகுதி உடைக்கு ஆகாது. போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஒடிந்த நூலின் முனைகள் துடைப்பக்குச்சி போலச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது தெரியும். வாடிக்கையாளரிடம் "இது தாங்காதுங்க" என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்தப் படத்தைக் காட்டினால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நிறம் மாற்றலாமா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். வெளிர் நிறத்தை அடர் நிறமாக்கலாம், மறுபடி வெளிராக்க முடியாது. பட்டுக்குச் சாயம் ஏற வெந்நீரில் போட வேண்டும், அதில் பழைய சரிகை கறுத்துவிடும். அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு, டெல்டாக்காரியாகச் சொல்கிறேன். திருப்பூரில் சாயத் தண்ணீர் நொய்யலில் கலந்தது, ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எல்லாம் நமக்குச் செய்தி. ஆனால் நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. அந்தத் தண்ணீருக்குக் கீழே இருப்பது நாங்கள். இப்போது அங்கே ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்திருக்கிறது, பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. நல்ல தொழில்நுட்பம் என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும். நம் வீட்டுக் கொல்லையில் ஒரு வாளிச் சாயத்தைக் கொட்டினால் அதைச் சுத்திகரிக்க ஆள் கிடையாது.

திட்டத்தைக் காகிதத்தில் முடியுங்கள்

அக்கா மகன் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கேட் (CAD) ஆபரேட்டர், அதாவது உடையின் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறவன். அங்கே துணியில் கத்திரி படுவதற்கு முன் எல்லாம் கம்ப்யூட்டரில் நடந்துவிடும். முன், பின், கை, கழுத்துப்பட்டி என்று எல்லாத் துண்டையும் திரையில் நெருக்கி அடுக்கி, எவ்வளவு துணி வீணாகிறது என்று சதவீதம் பார்ப்பார்கள். அதற்கு மார்க்கர் என்று பெயர். உடை வெட்டுகிற துணியில் சுமார் 15 சதவீதம் வெட்டுத்துணியாகப் போய்விடும் என்பது அந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. ஒரு சதவீதம் குறைத்தாலும் ஆயிரக்கணக்கான மீட்டர் மிச்சம். இப்போது மாதிரிச் சட்டையைக் கூடத் தைக்காமல், முப்பரிமாணத்தில் திரையிலேயே ஒரு பொம்மைக்குப் போட்டுக் காட்டி வெளிநாட்டுக்காரரிடம் சம்மதம் வாங்குகிறார்களாம்.

"இது ஒன்றும் புதுசில்லைடா" என்றேன். அப்பா தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கிய அட்டைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அன்னமும் யாளியும் ஓட்டைகளாகத்தான் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. பிரான்ஸில் 1804 வாக்கில் வந்த சாதனம், கம்ப்யூட்டருக்கே பாட்டன். இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்து, அட்டைக்குப் பதில் பென்டிரைவில் டிசைனைக் கொண்டுவந்து செருகுகிறார்கள். அவன் சிரித்துவிட்டு, "சித்தி, நீங்க உங்க புடவைக்கு மினி மார்க்கர் போடுங்க" என்று கற்றுக்கொடுத்தான். எனக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது.

செய்முறை எளிது. பத்துக்கு ஒன்று கணக்கு. புடவை 5.5 மீட்டர் நீளம் என்றால் காகிதத்தில் 55 சென்டிமீட்டர். அகலம் 1.15 மீட்டர் என்றால் 11.5 சென்டிமீட்டர். இரண்டு ஏ4 தாளை நீளவாக்கில் ஒட்டினால் முழுப் புடவையும் அதில் அடங்கிவிடும். கரை இரண்டையும் மஞ்சளில் தீட்டுங்கள், முந்தானையை வேறு நிறத்தில். ராத்திரி டார்ச்சில் பார்த்த ஒடிந்த கோடு, நைந்த இடம், கறை எல்லாவற்றையும் சிவப்பில் குறியுங்கள். புட்டா, அதாவது உடலில் நெய்த சின்னப் பூவேலை, இருந்தால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு அம்புக்குறி.

இப்போது தைக்கப் போகிற உடையின் துண்டுகளை அதே பத்துக்கு ஒன்று அளவில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். தையலுக்கு விடுகிற இடத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். பழைய பட்டுக்கு வழக்கமான அரை அங்குலம் போதாது, முக்கால் அங்குலமாவது விடுங்கள். பிறகு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து நகர்த்துங்கள். சிவப்பின் மேல் எந்தத் துண்டும் விழக் கூடாது. முடியாவிட்டால் அந்தச் சிவப்பு, எடை தாங்காத இடத்தில், அதாவது கொசுவத்துக்குள்ளோ கைவிளிம்பிலோ வரட்டும். இடுப்பு, அக்குள், முழங்கால், உட்காருகிற இடம் நான்கும் நல்ல பட்டில் வர வேண்டும். மயில்கழுத்து மாதிரி பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக இருக்கிற புடவையில் எல்லாத் துண்டையும் ஒரே வாக்கில் வையுங்கள். ஒன்றை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்கிலும் வெட்டினால் இரண்டும் வேறு வேறு துணி மாதிரி தெரியும்.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் வேலண்டினா, சீம்லி போன்ற இலவச மென்பொருளில் அளவு கொடுத்துப் பேட்டர்ன் வரையலாம். அக்கா மகன் போட்டுக் கொடுத்தான், என் உதவிப் பெண் ஓட்டுகிறாள். நான் இன்னும் அட்டைதான். எதில் செய்தாலும், வாடிக்கையாளரின் அளவு ஜாக்கெட்டை மேஜையில் விரித்து டேப் வைத்து அளப்பதற்குப் பதில் எதுவும் வரவில்லை. போனில் இரண்டு போட்டோ எடுத்தால் உடம்பளவு சொல்கிற ஆப்பை நானும் முயன்று பார்த்தேன். சுடிதாருக்குப் பரவாயில்லை. ஜாக்கெட்டுக்கு அரை அங்குலம் தப்பினால் ஹூக் போட முடியாதே.

முதுகுத் துணி

வளைகாப்புச் சம்பவத்துக்குப் பிறகு நான் கண்டுபிடித்த மருந்து இது. பழைய பட்டை அது சுமக்க வேண்டிய எடையிலிருந்து விடுவித்துவிட வேண்டும். வெட்டிய ஒவ்வொரு பட்டுத் துண்டுக்கும் அதே அளவில் மல் துணி, அதாவது மெல்லிய பருத்தித் துணி, ஒரு துண்டு வெட்டி, பட்டின் முதுகில் வைத்து, கையால் நீள ஓட்டுத் தையல் போட்டு ஒட்ட வேண்டும். நான்கு ஓரம் மட்டும் போதாது. நடுவிலும் நான்கு விரலுக்கு ஒரு வரி ஓட வேண்டும். அதன் பிறகு இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைத்தால், எடை மல்லில் தொங்கும், பட்டு மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். மல்லை முதல் நாளே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், அது சுருங்கினால் பட்டு கொப்பளித்துப் போகும்.

லைனிங்குக்கு மலிவான பாலியஸ்டர் வைக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். டெல்டாவின் புழுக்கத்தில் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு முகூர்த்தம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் கேட்க மாட்டீர்கள். வியர்வை தேங்கும், தேங்கிய வியர்வை பட்டை அரிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த நூல் என்றால் நல்லதுதானே என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். நம் கரூரிலேயே செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு நீல நிறத்தில் கையில்லாத மேல்கோட்டு போட்டு வந்தாரே, அது அப்படி வந்த துணிதான். பாட்டில் வாய்க்காலில் மிதப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பாட்டிலில் இருந்து வந்தாலும் அது பாலியஸ்டர்தான். துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு போகும். பைக்கும் மழைக்கோட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கு அடியில் பருத்தி.

தைக்கும்போது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். புது ஊசி, 9 அல்லது 11 நம்பர். மழுங்கிய ஊசி நூலை விலக்காது, அறுத்துவிடும். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கித் தைத்தால் ஸ்டாம்பு ஓட்டை மாதிரி வரிசையாகத் துளை விழுந்து அங்கேயே கிழியும். குண்டூசியை உடல் நடுவில் குத்தாதீர்கள், தையலுக்கு விட்ட இடத்திலேயே குத்துங்கள். துணிக் கிளிப் இருந்தால் இன்னும் நல்லது. சரிகைக் கரையை வெட்டுவதற்கு முன், வெட்டப் போகிற கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு மெஷின் தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள், இல்லாவிட்டால் சரிகை பிரிந்து வந்துகொண்டே இருக்கும். இஸ்திரி குறைந்த சூட்டில், மேலே ஒரு வெள்ளை வேட்டித் துண்டு போட்டு. தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், பட்டில் சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தங்கிவிடும்.

துண்டுகள் மிஞ்சத்தான் செய்யும். கரைத் துண்டைச் சாதாரணப் பருத்திச் சுடிதாரின் கையிலும் கழுத்திலும் வைக்கலாம். முந்தானையை வெட்டாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்களும் உண்டு. சிவப்புக் குறி போட்ட பகுதிகளை மல்லில் ஒட்டித் தைத்துச் சுருக்குப்பை ஆக்கினால் தாம்பூலத்துக்கு ஆகும்.

பெட்டியில் வைக்கும்போது

பிளாஸ்டிக் உறை கூடாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உள்ளே ஈரம் பூத்துப் பூஞ்சை கட்டும். துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையைத் தொடக் கூடாது. எங்கள் அம்மா வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுவார், நானும் அதையே செய்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் உதறிவிட்டு மடிப்பை மாற்றுங்கள். நடுக்கோட்டில் மடிக்காமல் ஒரு பக்கம் நான்கு விரல் தள்ளி மடியுங்கள், அடுத்த முறை மறு பக்கம். திருபுவனத்துப் புடவை விசிறி மடிப்பில் வரும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை என்பது எல்லோருக்கும் தெரியும். கடையிலிருந்து வந்த அன்றே அந்த விசிறியைப் பிரித்து, மற்ற புடவையோடு சேர்த்து நாலாக மடித்துப் பீரோவில் திணிப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

கடைசியாக ஒரு வேலை, உள்பக்கப் பட்டி. ஐரோப்பாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி உடைகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப் போகிறது. எந்த நூல், எப்படிப் பழுது பார்ப்பது என்று போனைக் காட்டினால் தெரிய வேண்டுமாம். திருப்பூரில் இப்போதே அதற்குத் தயாராகிறார்கள். அக்கா மகன் உற்சாகமாகி என் கடைக்கும் ஒன்று செய்தான். ஒரு பாட்டி தன் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசியதைப் பதிவுசெய்து, கியூஆர் கட்டத்தைத் துணியில் அச்சடித்து, பேத்தியின் பாவாடை இடுப்பில் தைத்தோம். எல்லோரும் கண் கலங்கினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பெண் போனைக் காட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த இடத்தில் ஏற்றி வைத்திருந்தான், அது நிரம்பி, பழையது அழிந்துவிட்டது. நல்லவேளை, பாட்டி இருக்கிறார், மறுபடி பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். முதல் தடவை அழுத இடத்தில் இரண்டாம் தடவை சிரித்துவிட்டார்.

கியூஆர் இப்போதும் கேட்டால் வைக்கிறேன். கூடவே இரண்டு விரல் அகல வெள்ளைத் துணியில் நூலால் எழுதிவிடுகிறேன். யார் புடவை, எந்த வருஷக் கல்யாணம், பாவு என்ன, ஊடை என்ன, சரிகை என்ன, வெந்நீர் கூடாது. அந்தப் பட்டிக்கு அடியில், அதே புடவையின் உள்ளங்கையளவுத் துண்டு ஒன்றை மடித்து வைத்து, மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் திறந்து விடுகிறேன். அடுத்து இதைப் பிரித்துத் தைக்கப் போகிறவருக்கு ஒட்டுப் போட அது வேண்டியிருக்கும்.